ஒரு ஜோடி சாக்ஸ், இரண்டு பாட்டில் மாத்திரை

எனக்கு மாத்திரை எண்ணுகிற வேலை. சிரிக்க வேண்டாம். அதற்கு ஒரு பதவிப் பெயர் உண்டு, கழுத்தில் தொங்குகிற அட்டை உண்டு, மாதம் ஒருமுறை மேலே அனுப்பும் அறிக்கை உண்டு. ஆனால் என்னதான் பெயர் வைத்தாலும் நான் செய்தது மாத்திரை எண்ணியதுதான்.

என் வீடு பாகூரில். பதினான்கு வருடம் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நின்றுகொண்டே வேலை பார்த்து, முட்டி தேய்ந்து, போதுமடா சாமி என்று விட்டு வந்தவள். வில்லியனூர்ப் பக்கம் முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கான பாலிகிளினிக் ஒன்றில் ஆய்வு நடக்கிறது, ஊர் ஊராகப் போய்வர ஒரு நர்ஸ் வேண்டும் என்றார்கள். ஸ்கூட்டியிலாவது உட்கார்ந்துகொள்ளலாமே என்று சேர்ந்துவிட்டேன்.

ஆய்வு இதுதான். பனிமலையில் காவல் இருந்து, காலில் பனிக்கடி பட்டுத் திரும்பிய ஜவான்களுக்கு வயதான பிறகு பாதம் எரிய ஆரம்பிக்கிறது. சித்திரை வெயிலில் தார்ச் சாலையில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்பார் ஒருவர். மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி என்பார் இன்னொருவர். இருக்கிற மருந்துகள் பலருக்குக் கேட்பதில்லை. இது கடைக்கு இன்னும் வராத ஒரு புது மாத்திரை. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, சிலருக்கு மருந்துள்ள மாத்திரை கொடுப்பார்கள், சிலருக்குப் பார்க்க அதே போலிருக்கிற வெறும் மாவு மாத்திரை கொடுப்பார்கள். எந்த பாட்டிலில் எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற எனக்கும் தெரியாது, எங்கள் டாக்டருக்கும் தெரியாது. பாட்டில் மேல் ஒரு எண், அவ்வளவுதான். ஆறு மாதம், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஒழுங்காக ஆறு மாதம் முடித்தவருக்கு, அவர் இதுவரை தின்றது மாவாகவே இருந்தாலும், அதன் பிறகு ஒரு வருடம் அசல் மருந்தே கொடுப்பார்கள். நான் அரை மணி நேரம் விளக்கியதில் எல்லோரும் காது கொடுத்துக் கேட்டது இந்தக் கடைசி வரியைத்தான்.

முப்பது நாளைக்கு ஒருமுறை நான் போவேன். எழுபது மாத்திரை கொடுத்திருப்பேன், பத்து மிச்சம் இருக்க வேண்டும். தட்டில் கொட்டி எண்ணுவேன். பிறகு எரிச்சல் எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் கேட்டு போனில் ஏற்றுவேன். ரத்தம் எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

எண்ணிக்கை யாருக்குச் சரியாக வந்தது? ஒருவர் ஐந்து மாத்திரையைக் கோழி கொத்திவிட்டது என்றார். இன்னொருவர், "மருமகளுக்குக் காலு வலின்னுச்சும்மா, ரெண்டு குடுத்தேன்" என்றார். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்ததை உள்ளே வைத்துக்கொள்ளவும் தெரியாது. "இது இன்னா கடலை உருண்டையா, ஆளுக்கு ஒன்னு குடுக்க?" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த மருமகள் அடுத்த மாதம் நான் போனபோது வெளியிலேயே வரவில்லை.

சரியாக வந்தது இரண்டே பேருக்கு. இருவரும் கரையாம்புத்தூர்க்காரர்கள், அடுத்தடுத்த தெரு. ஒருவர் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். உயரமானவர், எழுபத்திரண்டு வயது, கொஞ்சம் கரும்பு போட்டிருந்தார். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. மற்றவர் நாயக், அதாவது ஹவில்தாருக்கு ஒரு படி கீழே. குட்டையானவர், இரண்டு வயது இளையவர், அவருக்கு வலது கால். ஊரே அவர்களைப் பதவியை வைத்துத்தான் கூப்பிட்டது, எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே பட்டாளம், பனிமலையில் ஒரே காவல் போஸ்ட், ஒரே வருடத்தில் பனிக்கடி பட்டவர்கள்.

ஆய்வில் சேர்க்கக் கையெழுத்து வாங்கப் போன அன்றே ஹவில்தார் ஒன்று சொன்னார். மருந்து, மாவு என்று நான் விளக்கி முடித்ததும், "இது இன்னாம்மா நியாயம்?" என்றார். "பட்டாளத்துல லங்கர்னு ஒரு சமையக்கட்டு. ஒரே அண்டாவுல ஆக்கி ஒரே கரண்டியில ஊத்துவான். ஒருத்தனுக்குச் சோறு, ஒருத்தனுக்கு வெறுந்தட்டுன்னு அங்க கிடையாது."

நாயக் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

முதல் இரண்டு மாதத்தில் நாயக்கின் எண் எட்டிலிருந்து மூன்றுக்கு இறங்கியது. மனுஷன் ஆளே மாறிப்போனார். செருப்புப் போட்டுக்கொண்டு பாகூர் வரை சைக்கிளில் வந்தார். படுத்தால் தூங்குகிறாராம், போர்வை காலில் பட்டால் கத்துவதில்லையாம். ஹவில்தாருக்கு எட்டு எட்டாகவே இருந்தது. ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு மாவு என்று எனக்கே தோன்றியது. தோன்றியதை வெளியே சொல்லக் கூடாது, சொல்லவில்லை. மூன்றாம் மாதம் போனபோது ஹவில்தார் ஐந்து என்றார். நாயக்கும் ஐந்து என்றார். நான்காம் மாதமும் அதே. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மாத்திரையைக் கொட்டி எண்ணினேன். இவருக்குப் பத்து, அவருக்குப் பத்து. "பட்டாளத்துக்காரங்கன்னா இப்பிடி இருக்கணும்" என்று மற்ற ஊர்களிலெல்லாம் இவர்களைச் சொல்லிக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நான்காம் மாத ரத்தத்தில் ஹவில்தாருக்குக் கிட்னியின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் அளவு கூடியிருந்தது. எங்கள் டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். சின்ன வயதுக்காரர், பேச்சு குறைவு. "கடையில வேற வலி மாத்திரை ஏதாவது வாங்கிச் சாப்பிடறாரா கேட்டுட்டு வாங்க. ஒரு வாரத்துல மறுபடி ரத்தம் எடுங்க" என்றார்.

அதைக் கேட்கத்தான், முறை இல்லாத ஒரு நாளில், காலை ஏழரைக்கே கரையாம்புத்தூர் போய் இறங்கினேன்.

ஹவில்தார் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு கட்டில். இருவரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். நாயக் தன் பாட்டிலைத் திறந்து ஹவில்தாரின் உள்ளங்கையில் ஒரு மாத்திரை வைத்தார், தன் கையில் ஒன்று போட்டுக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் வாயில் போட்டு, ஒரே சொம்பிலிருந்து மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தார்கள்.

"அடப்பாவிங்களா, இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?"

ஹவில்தார் எழுந்து நேராக நின்றார். ஒளிக்கவில்லை, மழுப்பவில்லை. "காலையில அவன் பாட்டிலு, சாயங்காலம் எம் பாட்டிலு. மூணாவது மாசத்துலேர்ந்து இப்பிடித்தான். ஆளுக்கு ரெண்டு, கணக்குல ஒன்னு கொறஞ்சிருக்கா, நீயே சொல்லு."

"கணக்கு கெடக்கட்டும் ஐயா! கணக்கா இப்ப முக்கியம்?" என்று கத்தினேன். நான்கு மாதமாக அவர்களிடம் கணக்கைத் தவிர வேறு எதையும் கேட்காதவள் நான்தான்.

நாயக் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினார். "கோச்சிக்காதம்மா. மேல போஸ்ட்டுல ஒரு நாளு எனக்கும் சாக்ஸ் நனைஞ்சிபோச்சி, இவருக்கும் நனைஞ்சிபோச்சி. இவரு பையில காஞ்சது ஒரே ஒரு ஜோடி இருந்திச்சி. சீனியரு, அவரே போட்டுகினு இருக்கலாம், எவனும் கேக்கமாட்டான். ஒனக்கு ஒன்னு எனக்கு ஒன்னுடான்னு பிரிச்சிக் குடுத்தாரு. எனக்கு எடது காலு தப்பிச்சிது, இவருக்கு வலது காலு தப்பிச்சிது. இல்லன்னா எனக்கு ரெண்டு காலும் போயிருக்கும். இப்ப எம் பாட்டில்ல மருந்து கீதுன்னு எனக்கு நல்லாத் தெரியுது. இவரு பக்கத்துத் தெருவுல கால ஒதறிகினு குந்தினு இருக்க, நான் மட்டும் தின்னுட்டுத் தூங்குறதா? எப்பிடிம்மா தூக்கம் வரும்?"

மூன்றுக்கு இறங்கிய எரிச்சலை இந்த மனுஷன் தானாகவே ஐந்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார். அதை நான் மாதா மாதம் ஏற்றி, மேலே அனுப்பி, ஏதோ பெரிய விஞ்ஞானத்துக்கு உதவுகிறேன் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். அழுகையும் வந்தது, அறையலாம் போலவும் வந்தது.

கிட்னி விஷயத்தைச் சொல்லி, கடை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார் ஹவில்தார். நாயக்கின் முகம் விழுந்துவிட்டது. ஹவில்தாரைப் பார்த்தார். "ணா, ஒனக்குக் கிட்னி ஏறினு கீதுன்னு எனக்குச் சொல்லவே இல்லியே?"

"எனக்கே இப்பதான் தெரியும்டா."

"அப்ப இனிமே ஒனக்கு எம் பாட்டிலு கிடையாது. செத்தாலும் கிடையாது" என்று நாயக் பாட்டிலை வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

ஹவில்தார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னிடம் திரும்பினார். "நீ போயி டாக்டர்கிட்ட சொன்னா இன்னா ஆவும்?"

உண்மையைச் சொன்னேன். விதியை மீறினால் இரண்டு பேரையும் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். மாத்திரை நிற்கும். ஒரு வருட மருந்தும் கிடையாது.

"எனக்கு வேணாம். இன்னிக்கே நிறுத்திடறேன். ஆனா அவனுக்குக் கேட்டுகினு கீதும்மா. இன்னும் ஒன்னரை மாசம், அவன் முடிச்சிட்டான்னா ஒரு வருசம் மருந்து வரும். நீ வாயத் தொறக்காத. அவ்ளோதான் நான் ஒன்னக் கேக்கறது." அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கெஞ்சவும் தெரியவில்லை அவருக்கு. உத்தரவு போடுகிற குரலிலேயே கெஞ்சினார்.

நான் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேனென்றும் சொல்லவில்லை. மறுபடி ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பங்கு போடுவதை நிறுத்திவிட்டார்கள், கிட்னி தானாகச் சரியாகிவிடும், யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேதராப்பட்டில் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர், "இன்னா, குழம்புல உப்பே இல்ல" என்றார். அவரிடம் எரிந்து விழுந்தேன். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் சரியானதைச் சொல்லிவிடுவார் என்று பயம்.

ஐந்தாம் நாள் ரத்த ரிப்போர்ட் வந்தது. இன்னும் ஏறியிருந்தது. டாக்டர் ஹவில்தாரின் பைலைப் புரட்டினார். "வேற மாத்திரை எதுவும் இல்லன்னு சொல்றாரு இல்ல? நம்ம மாத்திரைன்னா முதல் ரெண்டு மாசத்துலயே ஏறியிருக்கும். அப்ப பி.பி. மாத்திரைதான் காரணமா இருக்கணும். அத நிறுத்திப் பாக்கலாம்" என்று பேனாவை எடுத்தார். ஹவில்தார் பத்து வருடமாக அந்த மாத்திரையில்தான் நடமாடிக்கொண்டிருந்தார். ஒருமுறை இரண்டு நாள் விட்டதற்கே மயங்கி வரப்பில் விழுந்தவர். அதுவும் அந்த பைலில் என் கையெழுத்தில்தான் இருந்தது.

"சார், எழுதாதீங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காலை பாட்டில், சாயங்கால பாட்டில், சாக்ஸ் உட்பட. டாக்டர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நாலு நாளா தெரியுமா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன்.

அவர் மேலே எழுதினார். பத்து நாளில் பதில் வந்தது. இருவரும் நீக்கம், மாத்திரைகளைத் திரும்பப் பெறவும், இருவரின் விவரங்களும் ஆய்வு முடிவில் சேராது. நாயக்குக்கு மட்டும் மனிதாபிமானத்தோடு மருந்தைத் தொடரலாமா என்று டாக்டர் தனியாக ஒரு கடிதம் போட்டார். அதற்கும் பதில் வந்தது, முதல் பதிலையே திரும்ப எழுதியிருந்தார்கள். இன்னொரு கடிதம் போட்டார். அதற்குப் பதிலே இல்லை. "வேற எங்க எழுதறதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். அவர் என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

விதி தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. மருந்து எது, மாவு எது என்று கலந்துவிட்டால் அப்புறம் எதை வைத்து எதைக் கண்டுபிடிப்பது? நாளைக்கு வேறொரு கிழவனுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யார் சொல்வது? எல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாட்டில்களை வாங்கிவர நான்தானே போக வேண்டியிருந்தது.

இருவரும் தயாராக இருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம். கட்டிலின் மேல் ஓர் எவர்சில்வர் தட்டு, அதில் இரண்டு பாட்டில். திரும்ப வாங்கும்போதும் எண்ண வேண்டும் என்பது விதி. எண்ணினேன். நாயக் பாட்டிலில் இருக்க வேண்டியது இருந்தது. ஹவில்தார் பாட்டிலில் அன்றைக்கு நிறுத்தியது அப்படியே இருந்தது. ஒன்று கூடக் குறையவில்லை. நாயக் நினைத்திருந்தால் ஒரு பத்து மாத்திரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கோழி கொத்திவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் அப்படியே எழுதியிருப்பேன். சத்தியமாக அன்றைக்கு நான் எழுதியிருப்பேன்.

"எம் பாட்டில்ல மருந்துதான கீது?" என்று நாயக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. ஆய்வு மொத்தமும் முடிஞ்ச பிறகுதான் யாருக்கும் தெரியும்."

"சரி வுடு. அண்ணன் கிட்னி சரியாவுமா, அத்தச் சொல்லு."

"ஆவும். நிறுத்திட்டார் இல்ல, ஆவும்."

"அது போதும்" என்று எழுந்து, வலது காலை மெதுவாக ஊன்றிப் பார்த்தார். அன்றைக்கு இன்னும் எரிச்சல் வரவில்லை. வரப்போவதற்கு இப்போதே காலைப் பழக்குகிறாரோ என்று எனக்குத் தோன்றியது.

ஹவில்தார் காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவிதான் தெரு முனை வரை கூட வந்தார். இந்த அம்மாவுக்கு ஊரறிந்த வாய். இரண்டு கிழவர்களையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்க்கக் கூடியவர். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் மனுசனக் காப்பாத்திக் குடுத்துட்ட. ஒன் வயிறு நல்லா இருக்கணும். ஆனா தெனமும் காலையில நாயக்கு எங்க வூட்டுக்குத்தாம்மா வருவாரு, டீ குடிக்க. அவரு மூஞ்சிய நான் எப்பிடிப் பாப்பேன்?" என்றார். நானும் அதைத்தான் யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இருந்தேன்.

மாத்திரை நிறுத்திய பிறகு நான்கு வாரம், வாரம் ஒருமுறை போன் செய்து அதே எண்ணைக் கேட்க வேண்டும். ஆய்வில் சேராத எண்ணை எதற்குக் கேட்பது என்று டாக்டரிடம் கேட்டேன். பாதுகாப்புக் கோப்புக்கு என்றார். யார் படிப்பார்கள் என்றேன். அடுத்த பைலை எடுத்துப் புரட்டினார்.

முதல் வாரம் நாயக் நான்கு என்றார். இரண்டாம் வாரம் ஆறு. மூன்றாம் வாரம் அவர் மகள் போனை எடுத்து, அப்பா தண்ணீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஏழு என்று சொல்லச் சொன்னார் என்றாள். பாலிகிளினிக்கில் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது அவருக்கு என்றைக்குமே கேட்டதில்லை. நாலாம் வாரம் அவரே எடுத்தார். "எட்டும்மா" என்றார். "பழைய எடத்துக்கே வந்து சேந்துட்டேன். நீ சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு ஹவில்தாருக்குப் போட்டேன். அவருக்கு ரத்தம் நல்லபடியாக வந்திருந்தது; முதலில் அதைச் சொன்னேன். கிட்னி பழைய அளவுக்கே இறங்கிவிட்டது ஐயா, பயமில்லை என்றேன். அவர் உம் என்றார்.

"கால் எரிச்சல் எவ்ளோ ஐயா இந்த வாரம்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள."

"அவன் எவ்ளோ சொன்னான்?"

"அத உங்ககிட்ட சொல்லக் கூடாதுங்க ஐயா."

"சொல்ல வேணாம். அவன் இன்னா சொன்னானோ அத்தயே எனக்கும் போட்டுக்கோ."

"அப்பிடியெல்லாம் போட முடியாது. உங்க கால்ல எவ்ளோன்னு நீங்கதான் சொல்லணும்."

"இத்தினி நாளு நீ கேட்டதுக்கெல்லாம் சொன்னேன் இல்ல? இந்த ஒரு வாட்டி நான் சொல்றத்த நீ போடு" என்று வைத்துவிட்டார்.

போனில் எண்கள் வரிசையாக நின்றன. அடுத்தவர் சொன்னதே என்று போட அதில் இடமில்லை. நான் எட்டைத் தொட்டேன்.